கல்லூரிக்கு முன் ஒரு கணக்கு

நுழையும்முன்

பள்ளியில் கற்றதைக் கல்லூரியில் மீண்டும் கற்க வேண்டுமா? கற்றதற்குரிய மதிப்பைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா? மேல்நிலை வகுப்பில் பயிலும்போதே இக்கேள்விகளுக்கு விடை தேடுபவர் பின்னாளில் ஓர் ஆண்டையோ ஒரு வாய்ப்பையோ இழப்பதில்லை. பள்ளிக் கல்வியையும் கல்லூரிக் கல்வியையும் இணைத்துத் திட்டமிடும் முறையை வடசென்னையின் சூழலில் வைத்து இப்பாடம் விளக்குகிறது.

கரையில் நிற்கும் படகுகள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்படுகின்றன. மீன்களின் இனப்பெருக்கத்திற்காக அறிவிக்கப்படும் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் நீள்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் பெரும்பாலும் இக்காலத்திலேயே வெளியாகின்றன. கல்லூரி விண்ணப்பங்களும் அப்போதே தொடங்குகின்றன. வருவாய் குறைந்திருக்கும் வேளையில் வீட்டின் பெரிய முடிவும் பெரிய செலவும் ஒருங்கே வந்து நிற்கின்றன.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரைப் பகுதி உழைப்பால் உருவான நிலம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. விடுதலைக்குப் பின் எண்ணூரில் வாகனத் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் எழுந்தன. 2001ஆம் ஆண்டு எண்ணூரில் புதிய துறைமுகம் செயற்படத் தொடங்கியது. இன்று அது காமராசர் துறைமுகம் என வழங்கப்படுகிறது. சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த வண்டிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் செல்கின்றன.

இங்குள்ள பல குடும்பங்களுக்குப் படிப்பின் ஓர் ஆண்டு என்பது கட்டணத்தோடு முடிவதில்லை. அந்த ஓர் ஆண்டில் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியமும் அதனுள் அடங்கும். எனவே, ஒருமுறை கற்றதற்கு உரிய மதிப்பைப் பெறுவதும், தேவையான பாடத்தை உரிய காலத்தில் கற்பதும் இப்பகுதி மாணவருக்கு இன்றியமையாதவை.

மதிப்புப்புள்ளி என்னும் அளவுகோல்

கல்லூரியில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் எடை உண்டு. ஆங்கிலத்தில் ‘கிரெடிட்’ என வழங்கப்படும் இதனை இப்பாடம் மதிப்புப்புள்ளி எனக் குறிக்கிறது. வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு வீதம் ஒரு பருவம் முழுவதும் நடத்தப்படும் பாடத்திற்கு ஒரு மதிப்புப்புள்ளி என்பது பொதுவான கணக்கு. செய்முறை வகுப்பாயின் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் தேவைப்படும். மதிப்பெண் என்பது மாணவர் எவ்வளவு சிறப்பாகக் கற்றார் என்பதைக் காட்டும். மதிப்புப்புள்ளியோ அவர் எவ்வளவு கற்று முடித்தார் என்பதைக் காட்டும். இரண்டும் வெவ்வேறானவை.

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் விருப்ப அடிப்படையிலான மதிப்புப்புள்ளி முறையின்கீழ் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்குப் பொதுவாக 140 புள்ளிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவை ஐந்து பகுதிகளாக அமைகின்றன. முதற்பகுதி தமிழ் அல்லது மாணவர் தேர்ந்தெடுக்கும் பிறமொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் அதனைச் சார்ந்த துணைப் பாடங்களும். நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் மேம்பாடு, பிறதுறை விருப்பப் பாடம் முதலியன இடம்பெறும். ஐந்தாம் பகுதி நாட்டுநலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகளுக்குரியது.

இவற்றுள் மூன்றாம் பகுதியை நீக்கிப் பார்த்தால், எஞ்சிய பெரும்பகுதியும் எந்தத் துறையைத் தேர்ந்தாலும் எல்லாரும் கற்க வேண்டிய பொதுக்கல்வியாகும். வேதியியல் மாணவரும் தமிழ் கற்கிறார். வணிகவியல் மாணவரும் சுற்றுச்சூழல் கற்கிறார். மொழியும் சமூக அறிவும் இல்லாத துறையறிவு குறையுடையது என்னும் கருத்தே இதன் அடிப்படை. பள்ளியில் பெறும் கல்வி இப்பொதுக்கல்வித் தேவையை எந்த அளவு நிறைவு செய்கிறது என்பதே நாம் காண வேண்டிய பொருள்.

கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்த வகுப்பு

மேல்நிலை வகுப்புகள் இன்று பள்ளியில் நடைபெறுவது இயல்பாகத் தோன்றலாம். ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர் கல்லூரியில் சேர்ந்து ‘இன்டர்மீடியட்’ என்னும் ஈராண்டு வகுப்பை முடித்தே பட்டப்படிப்புக்குச் சென்றனர். பின்னர் அது ‘பி.யூ.சி.’ எனப்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பாகச் சுருங்கியது. 1950ஆம் ஆண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் தொடங்கப்பட்ட சர் தியாகராயா கல்லூரி போன்றவை அக்காலத்தில் வடசென்னை மாணவருக்கு உயர்கல்வியின் வாயிலாக விளங்கின. புகுமுக வகுப்பைக் கற்பதற்கே கல்லூரியை நாட வேண்டியிருந்ததால், பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் பலர்.

1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக்குழு, பத்தாண்டுப் பள்ளிக் கல்வி, ஈராண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்னும் அமைப்பை நாட்டுக்குப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி நடைமுறைக்கு வந்தது. புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டு நீங்கியது. அதன் பாடங்கள் விரிவாக்கப்பட்டு, மாணவரின் வீட்டுக்கு அருகிலிருந்த பள்ளிக்கே வந்து சேர்ந்தன. அதே வேளையில் தொழிற்கல்விப் பிரிவும் மேல்நிலைப் பள்ளிகளில் இடம்பெற்றது.

இவ்வரலாறு உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலான எல்லைக்கோடு இயற்கையாக அமைந்ததன்று. காலத்தின் தேவைக்கேற்ப வரையப்பட்டது. தேவை மாறும்போது நகர்ந்தும் வந்துள்ளது. பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவகையில் முன்னாளைய கல்லூரி வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்.

பிற நாடுகளின் நடைமுறை

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தைக் கற்று முடிக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் நெடுங்காலமாக உள்ளது. அங்குக் கல்லூரி வாரியம் என்னும் அமைப்பு 1955 முதல் முன்னிலைப் பாடத் திட்டத்தை நடத்தி வருகிறது. பள்ளி மாணவர் கல்லூரித் தரத்திலான பாடத்தைக் கற்று, ஆண்டிறுதியில் பொதுத்தேர்வு எழுதுகின்றனர். தேர்வின் முடிவு 1 முதல் 5 வரையிலான எண்ணால் குறிக்கப்படும். மின்னசோட்டா மாநிலம் 1985ஆம் ஆண்டு மற்றொரு வழியைத் திறந்தது. அங்கு மேல்நிலை மாணவர் கல்லூரிக்கே சென்று பாடம் பயிலலாம். ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் சேரும்.

எனினும், முன்னிலைத் தேர்வில் பெறும் ஒரே எண்ணை எல்லாக் கல்லூரிகளும் ஒரே வகையில் ஏற்பதில்லை. 3 பெற்றாலே மதிப்புப்புள்ளி வழங்கும் கல்லூரிகள் உள்ளன. 4 அல்லது 5 கேட்பவையும் உள்ளன. புள்ளி வழங்காமல், அடுத்த நிலைப் பாடத்தில் அமர மட்டும் இசைவளிப்பவையும் உள்ளன. எனவே, தாம் சேர விரும்பும் கல்லூரியின் விதியை முதலில் படித்து, அதன்பின் பள்ளியில் பாடத்தைத் தேர்வதே அங்குள்ள மாணவருக்கு அறிவுறுத்தப்படும் முறையாகும்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குழந்தைகளின் நிலையும் இங்கு நினைக்கத்தக்கது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கற்கும் தமிழை உயர்நிலைப் பள்ளியின் அயல்மொழித் தேவைக்கு ஈடாகச் சில பள்ளி மாவட்டங்கள் ஏற்கின்றன. வீட்டில் பேசும் தாய்மொழியே கல்விக் கணக்கில் வரவாகிறது. ஆயினும், பள்ளி மாவட்டத்தின் ஏற்பு இருந்தால்தான் அந்த வரவு கிடைக்கும்.

தமிழ்நாட்டில் திறந்திருக்கும் வழிகள்

கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே முடித்துப் புள்ளி பெறும் அமெரிக்க முறை தமிழ்நாட்டில் பரவலாக இல்லை. ஆயினும், பள்ளியில் கற்றது மேற்படிப்பில் கணக்கிடப்படும் வழிகள் பல உள்ளன.

முதல் வழி தாய்மொழி சார்ந்தது. கல்லூரியின் முதற்பகுதியில் தமிழைத் தேர்ந்தவர் நான்காம் பகுதியில் பிறதுறை விருப்பப் பாடத்தைக் கற்கலாம். முதற்பகுதியில் பிறமொழியைத் தேர்ந்தவருக்கு அவ்விடத்தில் தமிழ் அமையும். அவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் கற்றவராயின் சிறப்புத் தமிழும், கல்லாதவராயின் அடிப்படைத் தமிழும் பயில வேண்டும். பள்ளியில் கற்ற மொழி, கல்லூரியின் பொதுக்கல்விப் பாடத்தை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

இரண்டாம் வழி நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் முதலிய உரிய பாடங்களைக் கற்றுத் தேறியவரும், உரிய தொழிற்கல்விப் பாடங்களைக் கற்றவரும் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் பட்டயப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டுப் பயிற்சி முடித்தவருக்கும் இவ்வாய்ப்பு உண்டு. பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். முன்னர்க் கற்றது ஓராண்டுக்கு ஈடாக இங்கு ஏற்கப்படுகிறது.

மூன்றாம் வழி மொழித்தேர்வு. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்று சான்றிதழ் பெற்றவர், தமிழ், ஆங்கில மொழிப்பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெற வழியுண்டு. பொருத்துநராகவோ மின்பணியாளராகவோ பயிற்சி பெற்ற இளைஞர் பட்டப்படிப்புக்குச் செல்ல அவருக்குத் தேவைப்படுவது பொதுக்கல்வியின் ஒரு கூறு. அதனை மட்டும் நிறைவு செய்தால் போதும். மேல்நிலைக் கல்வி முழுவதையும் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.

நான்காம் வழி இணையவழிப் பட்டப்படிப்பு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2021 முதல் தரவு அறிவியலில் இத்தகைய படிப்பை நடத்துகிறது. பதினொன்றாம் வகுப்பு முடித்தவரே இதன் தகுதிகாண் படிநிலையில் பங்கேற்கலாம். தகுதி பெற்றவர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின் படிப்பில் சேரலாம். இதன் அடித்தள நிலையில் கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை ஆகியவற்றோடு ஆங்கிலமும் இடம்பெறுகிறது. கணினித் துறைப் படிப்பிலும் மொழிப் பொதுக்கல்வி விடுபடவில்லை என்பது நோக்கத்தக்கது.

தேசிய அளவிலும் மாற்றங்கள் நிகழ்ந்து வருகின்றன. 2021ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கல்வி மதிப்புப்புள்ளி வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. பணத்தை வங்கியில் சேமிப்பது போல, உயர்கல்வி நிறுவனங்களில் பெற்ற புள்ளிகளை மாணவர் தம் கணக்கில் சேமிக்க இது வகைசெய்கிறது. 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய மதிப்புப்புள்ளிக் கட்டமைப்பு, பள்ளிக் கல்வி, உயர்கல்வி, தொழிற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்துகிறது. அதன்படி ஓராண்டின் கற்றல் நேரம் 1200 மணி. அதற்குரியவை 40 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 30 மணி நேரக் கற்றல். இவ்வளவுகோலைக் கல்வி வாரியமும் கல்லூரியும் ஏற்று நடைமுறைப்படுத்தும்போதே மாணவருக்கு அதன் பயன் கிட்டும்.

தெரிந்து தெளிவோம்

பத்தாம் வகுப்புக்குப் பின் ஆகும் ஆண்டுகள்

பட்டயப்படிப்பில் நேரடியாகச் சேர்ந்து பட்டயம் பெற: 3 ஆண்டு.
மேல்நிலைக் கல்வி (2), பட்டயப்படிப்பின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் (2): 4 ஆண்டு.
தொழிற்பயிற்சி (2), பட்டயப்படிப்பின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் (2): 4 ஆண்டு.
மேல்நிலைக் கல்வி (2), பொறியியல் பட்டம் (4): 6 ஆண்டு.
பட்டயம் (3), பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு (3): 6 ஆண்டு.
தொழிற்பயிற்சி (2), பட்டயம் (2), பொறியியல் (3): 7 ஆண்டு.

கடைசி வழி நீண்டது. ஆயினும் அதில் இரண்டாம் ஆண்டின் முடிவிலும் நான்காம் ஆண்டின் முடிவிலும் வேலைக்குரிய சான்றிதழ் கையில் இருக்கும். குறுகிய வழியே எல்லாருக்கும் சிறந்த வழி என்று கொள்ளுதல் கூடாது.

இறுதியிலிருந்து தொடங்குதல்

திட்டமிடுவோர் பலர் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து தொடங்குகின்றனர். “இந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பிரிவு கிடைக்கும்?” என்பதே அவர்களின் முதற் கேள்வி. அதைவிடப் பயனுள்ள முறை, சேர விரும்பும் படிப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருதல். அப்படிப்பு எந்தெந்தப் பாடங்களைக் கேட்கிறது, எவ்வளவு மதிப்பெண் கேட்கிறது, முன்னர்க் கற்ற எதனை ஏற்கிறது என்பவற்றை அறிந்தபின் மேல்நிலைப் பிரிவைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மூன்று சூழல்களைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

காசிமேட்டில் மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் மீன்வள அறிவியலில் பட்டம் பெற விரும்புகிறார் எனக் கொள்வோம். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி வடசென்னையை அடுத்த பொன்னேரியில் உள்ளது. மீன்வள அறிவியல் பட்டப்படிப்பில் மீனவர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடும் உண்டு. ஆனால், அப்படிப்புக்கு மேல்நிலையில் உயிரியல் பாடம் தேவை. தோழியர் சேர்ந்தனர் என்பதற்காகக் கணினி அறிவியல் பிரிவில் அவர் சேர்ந்துவிட்டால், எத்துணை உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும் அந்த வாயில் அடைபட்டுவிடும். பதினாறு வயதில், ஜூன் மாதத்தின் ஒரு காலைப்பொழுதில் எடுக்கும் முடிவு அவருடைய வாழ்வின் திசையை மாற்றிவிடுகிறது.

இராயபுரத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் வணிகக் கப்பலில் அலுவலராக விரும்புகிறார். கடல்சார் அறிவியல் பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் சராசரியாக 60 விழுக்காடு வேண்டும். அதனோடு பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் 50 விழுக்காடு வேண்டும். அறிவியல் பாடங்களில் முழுக் கவனம் செலுத்தி, ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றால் போதும் என எண்ணியவர், கப்பலின் படிக்கட்டிலேயே நின்றுவிட நேரும். பல நாட்டினர் பணிபுரியும் கப்பலில் ஒரு கட்டளையைத் தவறாகப் புரிந்துகொள்வது உயிருக்கே தீங்காகலாம். ஆகவே, மொழித் தகுதி அங்குப் பாதுகாப்புத் தகுதியுமாகிறது.

கடல்தொழிலை விரைவில் கற்க விரும்புவோருக்கு இராயபுரத்திலேயே ஒரு வழி உண்டு. மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைப் பிரிவு அங்கு அமைந்துள்ளது. பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல் கற்றுத் தேறியவருக்கு மீன்பிடிக் கலம் செலுத்துதலிலும் கடல்சார் இயந்திரப் பொருத்துநர் பணியிலும் ஈராண்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

திருவொற்றியூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவின் அடிப்படை இயந்திரப் பொறியியலைக் கற்கிறார். தொழிற்சாலையில் பணிபுரிந்தவாறே பட்டயமும் பட்டமும் பெறுவது அவருடைய விருப்பம். தொழிற்கல்விப் பிரிவு எதற்கும் பயன்படாது எனச் சிலர் அவரிடம் கூறக்கூடும். உண்மை வேறு. பட்டயப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலும், தொழிற்கல்விப் பிரிவினருக்கான பொறியியல் சேர்க்கையிலும் அவருக்கு இடமுண்டு. ஆனால், அவர் கற்ற பாடங்கள் அந்தந்தப் பிரிவுக்கு உரியவையாக இருத்தல் வேண்டும். இதனைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் அறிவதற்கும் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் அறிவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

சான்றிதழும் மதிப்புப்புள்ளியும்

இணையத்தில் இன்று எண்ணற்ற குறும்படிப்புகள் கிடைக்கின்றன. ‘சுவயம்’ போன்ற அரசுத் தளங்கள் கட்டணமின்றியே பாடங்களை வழங்குகின்றன. ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 முதல் தமிழ்நாட்டு மாணவருக்கு உயர்கல்வி வழிகாட்டுதலையும் திறன் பயிற்சியையும் அளித்து வருகிறது. இவற்றால் அறிவு பெருகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் வேறு. அப்படிப்பைக் கல்லூரி தன் பட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்பது வேறு.

கல்லூரியில் சேர்ந்த மாணவர் சுவயம் பாடங்களை முடித்தால், தம் நிறுவனத்தின் ஒப்புதலோடு ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அவற்றைக் கணக்கில் சேர்க்க விதி உள்ளது. அதே பாடத்தைப் பள்ளியில் பயிலும்போது முடித்தவருக்குப் புள்ளி தானாக வந்துவிடாது. சில தனியார் அமைப்புகள் “கல்லூரி மதிப்புப்புள்ளி உறுதி” என விளம்பரம் செய்யும்போது மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எந்தக் கல்லூரி, எந்த விதியின்கீழ் இதனை ஏற்கிறது?” எழுத்துவழி விடை கிடைக்காத இடத்தில் கட்டணம் செலுத்துதல் கூடாது.

விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. மூத்த மாணவர் கூறியது அவருடைய ஆண்டுக்குப் பொருந்தியிருக்கலாம். ஆகவே, சேர்க்கை அறிவிப்பையும் தகவல் கையேட்டையும் அவ்வாண்டுக்குரியதாகப் பார்த்தல் வேண்டும். சர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கலைக் கல்லூரி போன்றவை வடசென்னை மாணவர் நேரில் சென்று கேட்டறியும் தொலைவிலேயே உள்ளன. கல்லூரி அலுவலகத்தில் செலவிடும் ஒரு முற்பகல், பின்னாளில் ஓர் ஆண்டை மீட்டுத் தரலாம்.

விரைவும் நிறைவும்

ஆண்டைச் சேமிப்பது மட்டுமே கல்வியின் நோக்கமாகிவிடக் கூடாது. நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர், முதலாண்டில் மற்றவர் கற்ற கணிதத்தையும் அறிவியலையும் தம் முயற்சியால் ஈடுசெய்ய நேரும். அடிப்படை உறுதியாக இல்லாதவருக்குச் சேமித்த ஓராண்டு பின்னர்த் தவறிய தேர்வுகளாக மாறிவிடலாம். பள்ளிப் பாடத்தோடு பல இணையப் படிப்புகளைச் சேர்த்துச் சுமப்பவர் இரண்டிலும் தளர்வதுண்டு. தம் ஆற்றலையும் வீட்டின் நிலையையும் எண்ணி அளவோடு ஏற்பதே அறிவுடைமை.

பொதுக்கல்விப் பாடங்களை எப்படியாவது கடந்துவிட வேண்டிய தடைகளாகக் கருதுவதும் பிழை. துறைமுகத்தில் பணியாற்றுபவருக்கு ஒப்பந்தத்தைப் படித்துணரும் மொழியறிவு வேண்டும். கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பலும் எண்ணெயும் கலப்பதன் விளைவை உணர, எண்ணூரில் பிறந்த பொறியாளருக்குச் சுற்றுச்சூழல் கல்வி வேண்டும். தம் ஊரைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் எழுந்து பேச, தாய்மொழியில் தெளிவு வேண்டும். ஒருவர் தேர்ந்தெடுத்த தொழில் மாறலாம், ஆலை மூடப்படலாம். எண்ணூர் அனல்மின் நிலையம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கியபின் 2017இல் மூடப்பட்டது. அத்தகைய மாற்றத்தின்போது புதிய தொழிலைக் கற்றுக்கொள்ளும் ஆற்றலைப் பொதுக்கல்வியே தருகிறது.

தடைக்காலம் முடியும்வரை காசிமேட்டுப் படகுகள் கரையில் வாளாவிருப்பதில்லை. அந்த 61 நாளில் இயந்திரம் பழுதுபார்க்கப்படுகிறது, வலை சீர்செய்யப்படுகிறது, பலகைகள் மாற்றப்படுகின்றன. எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு செல்வது என்பதற்கேற்ப எரிபொருளும் பனிக்கட்டியும் கணக்கிடப்படுகின்றன. மேல்நிலைக் கல்வியின் ஈராண்டும் அத்தகைய ஆயத்தக் காலமே. செல்லும் இடத்தை அறிந்து, அங்கு ஏற்கப்படுவது எது எனக் கேட்டறிந்து, அதற்கேற்பக் கற்பவர் கற்ற எதனையும் வீணாக்குவதில்லை.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் சேர விரும்பும் மேற்படிப்பு ஒன்றைத் தேர்ந்து, அதற்குத் தேவையான மேல்நிலைப் பாடங்கள், மதிப்பெண், மொழித் தகுதி ஆகியவற்றை நடப்பாண்டுச் சேர்க்கை அறிவிப்பின் துணையோடு அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் பகுதியில் புகுமுக வகுப்பைக் கல்லூரியில் பயின்ற மூத்தோர் ஒருவரைக் கண்டு, அக்கால உயர்கல்வி அனுபவங்களைக் கேட்டுக் கட்டுரையாக எழுதுக.

3. ‘குறுகிய வழியே எல்லாருக்கும் சிறந்த வழியாகாது’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.